வாரண்டி முடிந்த லேப்டாப்பும் ஐந்து வெள்ளி மனுவும்

மகளின் லேப்டாப் திரையில் கோடு விழுந்தபோது ஓராண்டு வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மலேசியாவில், ஈப்போ நகரத்துக் கடை ஒன்றில் 2,599 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், வார இறுதியில் சுங்கை சிப்புட்டில் நம் வீட்டுக்கு வரும்போது பையில் வைத்துக் கொண்டுவருவாள், அவ்வளவுதான் அதன் ஊர் சுற்றல். கீழே போடவில்லை, தண்ணீர் படவில்லை. முதலில் வலது ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு வந்தது. அப்புறம் மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் திரை முழுக்க நடுங்கியது. இன்னும் சாய்த்தால் கறுத்துப் போனது. பாதி மூடி வைத்தால் மட்டும் ஒழுங்காகத் தெரியும். பிள்ளை குனிந்து அதற்குள் எட்டிப் பார்த்துத்தான் சில நாள் படித்தாள்.

வாங்கிய கடைக்கே கொண்டுபோனோம். முகப்பில் இருந்த பெண் சீரியல் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாரண்டி சூடா ஹாபிஸ், அங்கிள்" என்றாள், அதாவது வாரண்டி முடிந்துவிட்டது. திரையை மூடியோடு மாற்ற வேண்டுமாம், 1,050 வெள்ளி. லேப்டாப்பை யாரும் திறந்து பார்க்கவில்லை. மூடியை ஆட்டிக் காட்டுகிறேன் என்றேன், அதற்கும் ஆர்வம் இல்லை. விலையை மட்டும் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். இந்த மாதிரி இடத்தில் வாயால் சொல்வது எதுவும் பிறகு நிற்காது.

நம் ஊரில் இதையெல்லாம் பார்க்க ஆள் இல்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ஆள் இருக்கிறார்கள் ஐயா. எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பக்கத்துக் கடைவரிசையில் கைப்பேசி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் லேப்டாப்பும் பார்ப்பார். அவர் செய்த முதல் காரியம், எச்டிஎம்ஐ கம்பியைக் கடை டிவியில் மாட்டியது. டிவியில் படம் பளிச்சென்று வந்தது, ஒரு கோடும் இல்லை. அப்படியானால் உள்ளே படத்தை உருவாக்கும் சிப் நன்றாக இருக்கிறது. அடுத்து லேப்டாப்பை அணைத்து, மறுபடி போடும்போதே எஃப்2 விசையை அழுத்தி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குப் போனார். அங்கேயும் கோடு இருந்தது. விண்டோஸ் இன்னும் ஏறவே இல்லை என்பதால் மென்பொருள் மேல் பழி போட வழியில்லை. மிச்சம் இருப்பது இரண்டுதான்: ஒன்று திரைப் பலகை, இன்னொன்று அதற்குப் போகும் கேபிள்.

"இப்ப கேமராவைத் திறங்கண்ணே" என்றார். எதற்கு என்று புரியவில்லை, திறந்தேன். மூடியை மெல்லப் பின்னால் தள்ளினார். திரை நடுங்கிய அதே இடத்தில் கேமரா படமும் அறுந்தது. கேமராவுக்குப் போகும் கம்பிகளும் திரைக்குப் போகும் கம்பிகளும் பெரும்பாலான லேப்டாப்களில் ஒரே கட்டாகக் கீல் வழியாகத்தான் போகின்றன. இரண்டும் ஒரே கோணத்தில் செத்தால் பலகையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கேபிள்தான்.

என் சம்மதத்தைக் கேட்டுவிட்டுக் கழற்றினார். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தார், அதற்குப் பிறகுதான் திரைக் கேபிளைத் தொட்டார். மின்சாரம் இருக்கும்போதே அதைப் பிடுங்கினால் போர்டில் திரை வெளிச்சத்துக்கான ஃபியூஸ் போய்விடும், பிறகு நல்ல திரையும் இருட்டாகத்தான் இருக்கும் என்றார். வீட்டில் யூடியூப் பார்த்துக் கழற்றத் துடிக்கும் தம்பிமார்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பியதும் இடது கீல் தெரிந்தது. கேபிளைச் சுற்றியிருந்த கறுப்பு நாடா ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்து, உள்ளே தலைமுடி கனத்தில் செம்புக் கம்பிகள் மின்னின. கீல் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தது. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் கேபிளை அரைத்திருக்கிறது.

கேபிள் மட்டும் மாற்ற அவர் கேட்டது 150 வெள்ளி. அவசரக்காரர்கள் அதோடு முடித்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. ஆனால் அந்தக் கீல் அங்கேயே இருந்தால் புதுக் கேபிளையும் அரைக்கும். கீல், அது பூட்டியிருக்கும் பின்மூடி, கேபிள் எல்லாம் சேர்த்தால் 430 வெள்ளி வந்தது. திறந்து மூடுவதற்கென்றே செய்த ஒரு பொருள் திறந்து மூடியதால் ஓராண்டு கொஞ்சம் தாண்டியதுமே அறுந்தால் அதற்கு ஏன் நான் காசு கட்ட வேண்டும்? இங்கேதான் எனக்குப் பிடிவாதம் வந்தது.

தோட்ட ஆபிசில் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறேன். சட்டம் படித்தவன் இல்லை, ஆனால் ஃபாரம், கடிதம் என்றால் பயம் கிடையாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். வாரண்டி கம்பெனி கொடுக்கும் வாக்கு. சட்டம் கொடுக்கும் வாக்கு தனி. பிரிவு 32 விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரத்துக்குள் நீடித்து உழைப்பதும் அடக்கம், விலையையும் பொருளின் தன்மையையும் வைத்து அதை அளப்பார்கள். பிரிவு 6 இந்தச் சட்டத்திலிருந்து ஒப்பந்தம் போட்டுத் தப்பிக்க முடியாது என்கிறது. ஆக, வாரண்டி அட்டையில் "12 மாதம்" என்று அச்சடித்ததால் பதின்மூன்றாம் மாதத்தில் கடையின் பொறுப்பு காணாமல் போவதில்லை. "கம்பெனியைக் கேளுங்கள்" என்று கடை நம்மைத் தள்ளிவிடவும் முடியாது. விற்றவருக்கே பொறுப்பு உண்டு. ஆனால் நாம் போட்டு உடைத்த திரைக்கு இது எதுவும் உதவாது. பழுது எதனால் வந்தது என்று காட்ட முடிந்தால்தான் சட்டம் நம் பக்கம் பேசும்.

கம்பெனி தானே முன்வந்து சரி செய்வதும் உண்டு. 2016இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் திரை வெளிச்சம் போகும் கோளாறுக்கு, ஆப்பிள் 2019இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தது. அதனால் முதலில் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் நம் மாடலுக்கு அப்படி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. எங்கள் மாடலுக்கு இல்லை.

தம்பியிடம் 30 வெள்ளி கொடுத்து, என்ன சோதனை செய்தார், என்ன கண்டார் என்று கடை முத்திரையோடு எழுதி வாங்கினேன். தேய்ந்த கேபிளின் படமும் மூடியை ஆட்டும்போது எடுத்த வீடியோவும் கைப்பேசியில் இருந்தன. ரசீதுதான் வம்பு செய்தது. வெப்பத்தில் அச்சாகும் தாள், எழுத்து பாதி மறைந்துவிட்டது. கடை கணினியில் கைப்பேசி எண்ணைச் சொன்னால் மறுபடி அச்சடித்துத் தருவார்கள்; தந்தார்கள், முகம் கோணாமலே தந்தார்கள். எதற்குக் கேட்கிறேன் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

கடைக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, புலனத்திலும் (வாட்ஸ்அப்) போட்டேன். கோபமே இல்லாத கடிதம்: வாங்கிய தேதி, பழுது, சோதனை, பிரிவு 32, கீலையும் கேபிளையும் செலவில்லாமல் மாற்றித் தரவும், 14 நாளில் பதில் தரவும். பதில் வந்தது. நல்லெண்ணத்தின் பேரில் 1,050 வெள்ளியில் இருபது விழுக்காடு கழிவாம். கெட்டுப்போகாத திரையை மாற்றுவதற்குக் கழிவு!

இதற்கிடையில் பிள்ளையின் படிப்பு நிற்கவில்லை, லேப்டாப்பைக் கூடத்து டிவியில் மாட்டிவிட்டோம். மாமியார் வானவில் டிவியில் தொடர் பார்க்கும் நேரமும் இவள் அசைன்மெண்ட் அனுப்பும் நேரமும் எப்படியோ ஒன்றாகவே வந்தன. "உன் கம்பூட்டரை எப்பதான் எடுப்ப?" என்று அவர் கேட்ட கேள்விதான் என்னை நடுவர் மன்றத்துக்கு விரட்டியது என்றுகூடச் சொல்லலாம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்வார்கள், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. நமக்கும் கிடையாது, எதிர்த்தரப்புக்கும் கிடையாது. பெரிய கம்பெனிக்கும் தோட்டத்து ஆளுக்கும் மேசை ஒரே உயரம் என்பதே இதில் எனக்குப் பிடித்தது. முதல் ஃபாரத்தில் யார் மீது, எதற்காக, எவ்வளவு என்று சுருக்கமாக எழுத வேண்டும். மனுதாரர் என் பெயர், ரசீது என் பெயரில் இருந்ததால். எதிர்த்தரப்பின் பெயரை மட்டும் பலகையைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். பலகையில் ஒரு பெயர் இருக்கும், பதிவில் வேறு பெயர் இருக்கும். ரசீதின் மேலே சின்ன எழுத்தில் செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) என்று முடியும் பெயரையும் பதிவு எண்ணையும்தான் எழுத வேண்டும். முத்திரையிட்ட பிரதியை நாமே எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்க வேண்டும். பதிவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்த அத்தாட்சியைக் கோப்பில் வைத்தேன். அவர்கள் பதில் மனு போட 14 நாள் அவகாசம்.

பதில் மனு வரவில்லை, ஃபோன் வந்தது. இந்த முறை முகப்புப் பெண் இல்லை, மேலாளர். லேப்டாப்பைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் போதாது, என்னென்ன மாற்றுவீர்கள், எத்தனை நாளில், செலவு யாருடையது என்று எழுதி அனுப்புங்கள், பிறகு வருகிறேன் என்றேன். கொஞ்சம் முனகினார். மறுநாள் எழுத்தில் வந்தது: இடது வலது கீல், பின்மூடி, கேபிள், கூலி உட்பட இலவசம், மாற்றிய பாகங்களுக்கு மூன்று மாத உத்தரவாதம். நான் சேர்த்துக் கேட்ட 30 வெள்ளியை மட்டும் தர முடியாது என்றார்கள். விட்டுக்கொடுத்தேன். ஆனால் மனுவை, லேப்டாப் சரியாகிக் கைக்கு வந்த பிறகுதான் மீட்டுக்கொள்வேன் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி செய்த லேப்டாப்பைத் திரும்ப வாங்கப் போனபோது முகப்பிலேயே உட்கார்ந்து சோதித்தேன். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு மூடியை முன்னும் பின்னும் ஆட்டினேன். படம் அசையவில்லை. ஒற்றை விரலால் தூக்கினாலே மூடி வழுக்கிக்கொண்டு திறந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு திருகாணியைக் காணோம். சொன்னேன், பையன் டப்பாவிலிருந்து ஒன்றைப் பொறுக்கிப் போட்டுத் தந்தான். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.