36 அடிப் படகில் 36 பேர்

நேற்று இரவு ‘தி ஃபைனஸ்ட் அவர்ஸ்’ பார்த்தேன். உண்மைச் சம்பவத்தை வைத்து 2016இல் வந்த படம். முடிந்த பிறகும் வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

1952 பிப்ரவரி 18. அமெரிக்காவின் கேப் காட் கடற்கரைக்கு அப்பால், பனிப்புயலில் பெண்டில்டன் என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தது. அதே நாளில், அதே கடலில், இன்னொரு எண்ணெய்க் கப்பலும் இப்படியே உடைந்தது. அதனால் மீட்புக் கப்பல்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. பெண்டில்டனின் பின்பாதியில் 33 பேர் உயிரோடு தவித்துக்கொண்டிருந்தார்கள்.

சாத்தம் கடலோரக் காவல் நிலையத்திலிருந்து பெர்னி வெப்பர், கூட மூன்று பேர், ஒரு மரப்படகில் கிளம்பினார்கள். துறைமுக வாயிலில் இருக்கும் மணல்திட்டைத் தாண்டும்போதே அலை அடித்துக் கண்ணாடி நொறுங்கியது, திசைகாட்டி போய்விட்டது. எஞ்சினும் நின்றது. ஒருவர் ஊர்ந்து போய் அதை மறுபடி கிளப்பினார். இருட்டில், திசைகாட்டி இல்லாமல், கப்பலைக் கண்டுபிடித்தார்கள்! படகு தாங்குவது பன்னிரண்டு பேரைத்தான். 32 பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். கயிற்றேணியில் இறங்கிய ஒருவரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் காட்சியில் அழுதுவிட்டேன்.

படத்தில் காதல் கதைக்குக் கொடுத்த நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். சரி, அது பரவாயில்லை.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது இது. வெப்பருக்கு மட்டும் தங்கப் பதக்கம் தருவதாகச் சொன்னபோது, “என்னோடு வந்த மூவருக்கும் அதே பதக்கம் வேண்டும்” என்று அவர் உறுதியாக நின்றிருக்கிறார். நால்வருக்குமே தங்கம் கிடைத்தது. அந்தப் படகை இன்றும் கேப் காட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.