கூரைக்குப் பணம் இருக்கிறதா?

2024 தீபாவளி முடிந்த வாரம். சத்துவாச்சாரியில் எங்கள் அபார்ட்மெண்டின் மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வந்த மூன்று கொட்டேஷன்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 24 வீடு, ஆறு வருஷமாக நான்தான் பொருளாளர். அப்போதுதான் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வரிலிருந்து தம்பி அந்தப் போட்டோவை அனுப்பினான். பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று மலை, மலையில் வகிடு எடுத்த மாதிரி பனிச்சறுக்குப் பாதைகள். கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, இந்த காண்டோவை வாங்கலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்ற?"

"கூரைக்குப் பணம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. வங்கிக் கடன், முன்பணம், வட்டி என்று ஏதேதோ சொன்னான். அதில்லைடா, அந்தக் கட்டடத்தின் அசோசியேஷன் கையில் கூரை மாற்றப் பணம் இருக்கிறதா என்று கேட்டேன். தெரியாது, விசாரிக்கிறேன் என்றான். இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் வீடு வாங்கும் குடும்பம் காட்பாடியிலும் வேலூரிலும் இப்போது தெருவுக்கு நாலு இருக்கிறது, அவர்களில் யாருக்காவது உதவட்டும்.

காண்டோ என்பது வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் ஃபிளாட்தான். நாலு சுவருக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. கூரை, வெளிச்சுவர், படிக்கட்டு, பார்க்கிங், தண்ணீர்க் குழாய், வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எல்லாம் பொது, நாம் யு.டி.எஸ். என்று சொல்கிறோமே அதே மாதிரி பிரிக்காத பங்கு. அதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஹெச்.ஓ.ஏ. என்று ஒரு சங்கம், அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். நாம் ஃபிளாட் பார்க்கப் போனால் டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறோம், கிச்சன் எந்த மூலை என்று பார்க்கிறோம், வக்கீலை வைத்து வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். அசோசியேஷனின் பாஸ்புக்கைக் காட்டுங்கள் என்று கேட்ட ஒருவரைக்கூட இந்த ஆறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது 2021 நவம்பர் மழை. பாலாற்றில் கரை கொள்ளாமல் வெள்ளம் போன வருஷம் அது, வேலூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் மேல்மாடி நாலு வீட்டிலும் ஒழுகியது. ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா தனியாக இருக்கிறார், ஹாலில் இரண்டு வாளி, படுக்கையறையில் ஒரு அண்டா, ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து கொட்டியிருக்கிறார். பெரிய செலவுக்கென்று சேர்த்து வைக்கும் கார்ப்பஸ் ஃபண்டில் இருந்த பணம் லிஃப்ட் மோட்டாருக்கே போய்விட்டது. வீட்டுக்கு 20,000 வீதம் வசூலிக்கலாம் என்று கூட்டம் போட்டால், தரைத்தளத்தில் இருந்து ஒருவர் எழுந்து, "மாடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். அந்தப் பணம் முழுதாக வந்து சேர்வதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது. தட்டோடு பெயர்த்து ஒட்டுவேலைதான் செய்ய முடிந்தது. மூன்று வருஷம் கழித்து அந்த கொட்டேஷன்களோடு நான் உட்கார்ந்திருந்ததும் அதனால்தான்.

சரி, கொலராடோவுக்கு வருகிறேன். பிப்ரவரியில் நானும் அம்மாவும் போயிருந்தோம். டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் மலையேறினால், 11,000 அடிக்கு மேலே ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை வருகிறது, அதைத் தாண்டி இறங்கினால் சம்மிட் கவுண்ட்டி. கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், காப்பர் மவுண்டன் என்று சறுக்கு மைதானங்கள் எல்லாம் அந்த ஒரே வட்டாரத்தில். தம்பி பார்த்து வைத்த காண்டோ கீஸ்டோன் பக்கம், மூன்று மாடிக் கட்டடத்தில் மேல்மாடி. காரை விட்டு இறங்கியதும் அம்மா அண்ணாந்து பார்த்து, "இன்னாடா இது, வூட்டு மேல இவ்ளோ பாரம் கீது, தாங்குமா?" என்று கேட்டார். எழுபத்தாறு வயசில், முதல் முறை பனியைப் பார்த்த நிமிஷத்தில் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

கூரை விளிம்பு நெடுக, என் கை நீளத்துக்குப் பனிக்குச்சிகள் தொங்கின, சிலது கையைவிடப் பருமன். பார்க்க அவ்வளவு அழகு, தம்பி மகள் பாப்பா அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அது அழகு இல்லை, நோய். வீட்டுக்குள் இருக்கும் சூடு சரியான தடுப்பு இல்லாமல் மேலே கசிந்தால், கூரையில் கிடக்கும் பனி அடிப்பக்கம் உருகும். அந்தத் தண்ணீர் வழிந்து, சூடு இல்லாத விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறையும். உறைந்து உறைந்து அங்கே ஒரு வரப்பு கட்டிவிடும். அப்புறம் உருகி வரும் தண்ணீர் போக வழி இல்லாமல் தேங்கி, ஓட்டுக்கு அடியில் பின்பக்கமாக ஏறி, வீட்டுக்குள் இறங்கும். வயல் வரப்பில் மடை அடைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உள்ளே போனோம். போட்டோவில் பார்த்த அதே ஜன்னல். எல்லோரும் மலையைப் பார்த்தார்கள், நான் ஜன்னலுக்கு மேலே இருந்த மூலையைப் பார்த்தேன். இரண்டு முறம் அளவுக்கு ஒரு இடத்தில் மட்டும் வெள்ளை தனியாகப் பளபளத்தது, விரலால் தடவினால் ஒரு சின்ன மேடு தட்டியது. ஒழுகின இடத்துக்குப் புதுசாகப் பூசி வர்ணம் அடித்தால் இப்படித்தான் இருக்கும், டீச்சரம்மா வீட்டில் பார்த்துப் பார்த்துப் பழகின கண். வீட்டைக் காட்ட வந்த ஏஜெண்ட் நல்ல மனிதர்தான், ஆனால் அது என்ன என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

அங்கே ஒரு நல்ல விஷயம், நம்மிடம் இல்லாதது. விலை பேசி ஒப்பந்தம் போட்ட பிறகு அசோசியேஷனின் விதிகள், பட்ஜெட், சேமிப்பு நிதி, கூட்டங்களில் பேசி முடிவெடுத்ததை எழுதி வைக்கும் மினிட்ஸ் எல்லாம் வாங்குபவர் கைக்கு வரும். படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் குறித்த தேதிக்குள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம், முன்பணம் திரும்பிவிடும். தம்பி அதை அப்படியே எனக்கு அனுப்பினான், 140 பக்கம். நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மினிட்ஸில் மூன்று வருஷமாக ஒரே வரி வேறு வேறு வார்த்தையில் வருகிறது: கூரை மாற்றுவது அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. கடைசிக் கூட்டத்தில் கொட்டேஷன் வந்திருக்கிறது, 6,20,000 டாலர். கையில் இருக்கும் நிதி 1,10,000. மொத்தம் 40 வீடு. மீதியை வகுத்தால் வீட்டுக்கு 12,750 டாலர், நம்ம பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். இன்னும் யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் கேட்டே தீர வேண்டிய பணம். மாதக் கட்டணம் அக்கம்பக்கத்தைவிட 200 டாலர் குறைவு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். குறைவாக வசூலித்ததால்தான் கூரைக்குப் பணம் இல்லை. குறைந்த மெயின்டெனன்ஸ் என்றால் சந்தோஷப்படாதீர்கள், ஏன் குறைவு என்று கேளுங்கள், இது வேலூருக்கும் பொருந்தும்.

கடன் கொடுக்கிற வங்கிகளும் இப்போது இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. 2021 ஜூன் 24 அன்று ஃபுளோரிடாவில் சர்ஃப்சைட் என்ற ஊரில் 12 மாடி காண்டோ கட்டடம் ஒன்று நடு ராத்திரியில் இடிந்து 98 பேர் இறந்துபோனார்கள். பழுது இருப்பது முன்பே தெரியும், செலவு பற்றிய பேச்சு இழுத்துக்கொண்டே போயிருந்தது. அதற்குப் பிறகு, அங்கே வீட்டுக்கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டும் தள்ளிப்போட்ட பெரிய பழுது உள்ள கட்டடம் என்றால் கடனை எடுப்பதில்லை. சறுக்கு மைதான ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே ஹோட்டல் மாதிரி வரவேற்பு மேஜை வைத்து, நாள் வாடகைக்கு விடும் காண்டோ என்றால் சாதாரண வீட்டுக்கடன் கிடைக்காது. முன்பணமும் வட்டியும் கூடும், விற்கும்போது வாங்க வருபவருக்கும் அதே கஷ்டம்.

வாடகை பற்றியும் சொல்லிவிடுகிறேன். "நாம போகாத வாரத்துல வாடகைக்கு விட்டா தவணை தானா கட்டிக்கும்" என்பது தம்பியின் கணக்கு. பிரெக்கன்ரிட்ஜ் நகரசபை 2021-லேயே குறுகிய கால வாடகை உரிமங்களுக்கு உச்சவரம்பு வைத்து, அடுத்த வருஷம் ஊரை மண்டலங்களாகப் பிரித்துவிட்டது. உரிமம் வீட்டோடு வருவதில்லை, விற்றவரோடு போய்விடும், வாங்கியவர் சில மண்டலங்களில் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது நல்ல வருமானம் என்று காட்டும் கணக்கு உங்களுக்குத் தொடரும் என்று நம்பி வாங்கக் கூடாது. வாடகை இல்லாமலே தவணை கட்ட முடியுமா, அதைப் பார்த்து வாங்கு என்று சொன்னேன்.

தூரமும் அப்படித்தான். டென்வரிலிருந்து 110 கிலோமீட்டர் சொச்சம், நாம் சென்னைக்குப் போவதைவிடக் குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒரே சாலையில்தான் இறங்குகிறார்கள், மணிக்கணக்கில் ஆகிவிடும். செப்டம்பர் முதல் மே வரை அந்த மலைச்சாலையில் பனிக்கேற்ற டயரோ, டயரில் மாட்டும் சங்கிலியோ இருந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உயரம் 9,000 அடிக்கு மேல், ஏலகிரியைப் போல இரண்டரை மடங்கு, ஊட்டியையும் தாண்டி. அம்மாவுக்கு முதல் ராத்திரி தலைவலி, மூச்சு இழுத்தது, தூக்கம் இல்லை. காலையில் முதல் வேலையாகக் கீழே கூட்டிவந்துவிட்டோம். வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், டென்வரில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஏறுங்கள். எங்களுக்கு அது தெரியாமல் அம்மாவைக் கஷ்டப்படுத்திவிட்டோம்.

பணம் விஷயம். நானும் கொஞ்சம் போட்டேன், அணைக்கட்டு ஊரில் அப்பா விட்டுப்போன நிலத்தில் வந்ததில் அவனுக்குச் சேர வேண்டியது என்று என் மனசு சொன்னது. பத்திரத்தில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தியாவில் இருப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், அதில் வெளிநாட்டில் வீடு வாங்கவும் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் பெயர் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்ட வேண்டும், காட்டாமல் விட்டால் 10 லட்சம் வரை அபராதம். விற்கும்போது வெளிநாட்டவர் பங்கு என்று அமெரிக்காவில் விலையில் 15 சதவீதம் வரை பிடித்து வைப்பார்கள், பிறகு கணக்குத் தாக்கல் செய்து மீட்க வேண்டும். அதனால் உடன்பிறந்தவனுக்கு அன்பளிப்பாகவே அனுப்பினேன். 18 லட்சம். முதல் 10 லட்சத்துக்கு ஒன்றும் இல்லை, மீதி 8 லட்சத்துக்கு 20 சதவீதம், 1,60,000 ரூபாய் வங்கியிலேயே டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்தார்கள். அது போன பணம் இல்லை, வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டும்.

முதல் காண்டோவை விட்டுவிட்டான். பாப்பா இரண்டு நாள் பேசவில்லையாம், ஜன்னல் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆகஸ்டில் டில்லன் பக்கம் ஒன்றை வாங்கினார்கள். பழைய கட்டடம், ஜன்னலைத் திறந்தால் பார்க்கிங்தான் தெரியும், கழுத்தைத் திருப்பினால் மலையின் ஒரு ஓரம். சறுக்கு மைதானத்துக்கு இலவச பஸ் வாசலிலேயே நிற்கிறது. கூரை 2022-இல் மாற்றியிருக்கிறார்கள், நிதியிலிருந்தே. யாரிடமும் கூடுதலாக ஒரு டாலர் வசூலிக்கவில்லை என்று மினிட்ஸில் இருக்கிறது. ஆள் இல்லாத நாளிலும் ஹீட்டர் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வைத்து, குளிர்காலத்தில் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். குழாயில் தண்ணீர் உறைந்தால் பெருத்துக் குழாயை வெடிக்க வைத்துவிடும், அப்புறம் கீழ்வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். அந்த அசோசியேஷனின் பொருளாளர் யாரோ, முகம் தெரியாது, அவர் எழுதிய கணக்கைப் படித்தபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஜனவரியில் அவர்களுக்கு ஆண்டுக் கூட்டம். அங்கே சாயங்காலம் 6 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஆறரை. உரிமையாளர்கள் மட்டும்தான் பேசலாம், தம்பி என்னை போனில் பக்கத்தில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். பாய்லருக்கு 19 வயசு ஆகிறது. அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், எந்த வருஷம் மாற்றப்போகிறார்கள் என்று கேட்கச் சொல்லி எழுதி அனுப்பியிருக்கிறேன்.