தடைக்காலத்தில் எழுதியவை

ஏப்ரல் 15, 2025, செவ்வாய்

மீன்பிடித் தடை தொடங்கியாச்சு. காசிமேட்டில் போட்டுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன, துறைமுகத்துக்குள் தண்ணீரே தெரியவில்லை. நம்ம போட்டில் ஏறி சுவிட்சைப் போட்டேன். ஜிபிஎஸ் கொஞ்ச நேரம் தேடியது, அப்புறம் பிடித்தது. இடம் சரி. தேதி 30 ஆகஸ்ட் 2005. கிழமை செவ்வாய். கிழமை மட்டும் தப்பவே மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 16

நைனாவுக்கு வலது கை இன்னும் அசையாமல் அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

அண்ணன் சொன்னது: "எடம் கரெக்டா காட்டுது இல்ல? தேதிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

துறைமுகத்தில் கேட்டால் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். மேப்பில் போட்டு நிற்கிற இடம் தெரிந்தால் போதுமாம். இல்லை. போதாது. லேப்டாப்பில் இருக்கும் சாஃப்ட்வேர் மடி, அதாவது இழுவலை, இழுத்த தடங்களைத் தேதி வாரியாக அடுக்கி வைக்கிறது. சேமிக்கிற இடம் நிரம்பினால் மிகப் பழைய தடத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். இப்போது புதியதுக்கு 2005 என்று தேதி விழுகிறது. அதனால் நேற்றுப் போன தடம்தான் அதன் கணக்கில் மிகப் பழையது, அதைத்தான் முதலில் அழிக்கிறது. பங்குனியில் அண்ணன் போய்வந்த தடம் ஒன்றுகூட அதில் இல்லை. "அழிச்சுட்டியா?" என்று என்னைக் கேட்டான்.

அது போகட்டும். கடலில் குறித்து வைத்த இடங்கள், அந்தப் பாயிண்டுகளை என்ன செய்வது? இந்த மாசம் குறிக்கிற பாயிண்டும், நைனா நிஜமாகவே 2005இல் குறித்த பாயிண்டும் ஒரே தேதியில் கலந்துவிட்டால் எது எது என்று யார் சொல்வது? சொல்லக்கூடிய ஆள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை.

ஏப்ரல் 23, புதன்

கடையில் கூட்டம் இல்லை. உட்கார்ந்து வாரக் கணக்கைப் போட்டேன்.

செயற்கைக்கோள் அனுப்புவது ஆண்டும் மாதமும் இல்லை, வார எண்ணும் அந்த வாரத்துக்குள் போன நொடிகளும்தான். 1980 ஜனவரி 6இல் தொடங்கிய வாரம் பூஜ்யம். எண்ணுக்கு ஒதுக்கியது 10 பிட். 1023க்கு மேல் அதில் இடமில்லை, மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை அப்படித் திரும்பியது, 2019 ஏப்ரலில் இன்னொரு தடவை. அடுத்தது 2038 நவம்பர்.

அப்படியானால் நம்ம கருவி ஏன் 2019ஐ ஒழுங்காகத் தாண்டிவிட்டு இந்த மாசியில் போய்த் திரும்பியது? கருவியைச் செய்தவர்கள் ஒரு வழி செய்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் புரோகிராமை எழுதிய வாரத்தைத் தொடக்கமாக வைத்து, வருகிற எந்த வார எண்ணையும் அதற்குப் பிந்தைய 1024 வாரத்துக்குள் பொருத்திவிடுவது. நம்மளுடையது 2005 நடுவில் எழுதியது. 1024 வாரம் என்றால் 7168 நாள், இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது முடிந்தது. ஆக, ஒவ்வொரு கருவிக்கும் கெடு வேறு. பக்கத்து போட்டுக்காரர் "என்னது நல்லாத்தானே கீது" என்கிறார். அவருடைய கெடு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

1024 வாரமும் முழு வாரம் என்பதால்தான் கிழமை மாறவில்லை.

அம்மா பஞ்சாங்கம் வாங்கி வந்திருக்கிறாள். இந்தச் சித்திரையில் விசுவாவசு பிறந்திருக்கிறது. நைனா பிறந்ததும் விசுவாவசுதான், 1965. பழைய பத்திரத்தில் வருஷப் பேர் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்று காகிதத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்லலாம். பாயிண்டுக்கு நிறம் கிடையாது.

ஏப்ரல் 27

நைனா பேசினார். "தண்ணி" என்ற ஒரு வார்த்தைதான். அம்மா தம்ளரை எடுத்துப் போனால் தலையை ஆட்டி வேண்டாம் என்கிறார். கடல் எப்படி இருக்கு, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கிறார். எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்துதான் அழுதாள்.

மே 2, வெள்ளி

இன்றைய தேதியை நான் மறக்கவே மாட்டேன், நைனா அத்தனை தடவை சொல்லியிருக்கிறார். 2000 மே 2. அதுவரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலக்கி வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கிளின்டன் உத்தரவு போட்டு அதை நிறுத்தினார். ஒரே நாளில் எல்லாக் கருவியும் கூர்மையாகிவிட்டது.

அப்போது நைனாவிடம் இருந்தது கைக்கருவி, 1998இல் வாங்கியது. அதில் குறித்த பாயிண்டுகளில் 2000 மேக்கு முந்தையது என்றால் அது ஒரு வட்டம், அந்த இடத்தைச் சுற்றித் தேட வேண்டும். பிந்தையது என்றால் நேராகப் போய் நிற்கலாம். மடி இழுக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடலடியில் கல் இருக்கிறது, மூழ்கிய இரும்பு இருக்கிறது. 100 மீட்டர் தள்ளிப் போனால் மடி மாட்டிக் கிழியும், ரோப்பு போகும், ஆளுக்கும் அடிபடும்.

ஆக ஒரு பாயிண்டை எவ்வளவு நம்பலாம் என்று அதன் தேதிதான் சொல்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது முதல் தடவையாக எதிர்த்துப் பேசவில்லை. "கல்லு பாயிண்ட்டு மட்டும் மொதல்ல சரியா இருக்கணும்" என்றான்.

மே 4

அக்னி தொடங்கியாச்சு. வார்டில் மின்விசிறி அனலைத்தான் அள்ளிப் போடுகிறது.

மே 6

அண்ணன் புது பிளாட்டர், அதாவது மேப்பில் போட்டைக் காட்டுகிற கருவி, அதன் விலை கேட்டு வந்திருக்கிறான். கலர் திரை, ஆழம் பார்க்கிற எக்கோவும் சேர்ந்தே வரும். நல்ல சாமான்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய சாஃப்ட்வேர் தன் தடங்களை வேறு எதுவும் படிக்கிற வடிவில் வெளியே தராது. செய்த கம்பெனியும் இன்று இல்லை. பாயிண்டுகளைக் கையால் பார்த்துப் பார்த்து ஏற்றிவிடலாம். இருபது வருஷத் தடத்தை எப்படி ஏற்றுவது? எந்த ஆழத்தில், எந்த மாசத்தில், எவ்வளவு நேரம் இழுத்தால் என்ன மீன்பாடு என்று நைனா ஒவ்வொரு தடத்துக்கும் கீழே எழுதி வைத்திருக்கிறார். நோட்டுப் புத்தகம் சுனாமியோடு போய்விட்டது. அதற்கப்புறம் எழுதியது எல்லாம் இந்த லேப்டாப்பில் மட்டும்தான்.

மே 10, சனி

ரிச்சி ஸ்ட்ரீட் போய் புரோகிராம் எழுதி ஓட்டுகிற ஒரு சின்ன ஆர்டுயினோ போர்டும், சீரியல் வோல்டேஜை இறக்கித் தருகிற சிப்பும் வாங்கினேன்.

கருவியைத் திருத்த முடியாது, சாஃப்ட்வேரையும் திருத்த முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒயர் போகிறது. அதில் நொடிக்கொரு தடவை வெறும் எழுத்தாக வரிகள் வரும், நொடிக்கு 4800 பிட் வேகத்தில். ஆர்எம்சி என்ற வரியில் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, அப்புறம் ஒன்பதாவதாகத் தேதி. நாள் இரண்டு இலக்கம், மாதம் இரண்டு, வருஷம் இரண்டு. போர்டு நடுவில் உட்கார்ந்து அந்த ஆறு இலக்கத்தை எடுத்து, 7168 நாள் கூட்டி, திரும்ப வைத்து அனுப்ப வேண்டும். வரியின் கடைசியில் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும், அதையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் வரியையே தள்ளிவிடும். மற்ற எதையும் தொடக்கூடாது. இடம் இருக்கிற இலக்கத்தில் கை வைக்கிற உரிமை எனக்கு இல்லை.

திரையில் இன்று 24 செப்டம்பர் 2005.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. அம்மா ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில். நான் கடையிலேயே இருந்துவிட்டேன்.

மே 19

இடது கையால் எழுதப் பழகுகிறார். பேப்பரில் 41 என்று போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் 41ஐத் திறந்தால் பேர் ஆறு எழுத்து, அதற்கு மேல் அந்தக் கைக்கருவி ஏற்காது. ஆழம் 22 பாகம். தேதி 1999 நவம்பர். அப்படியானால் அது வட்டம்தான், அண்ணன் நேராகப் போகக்கூடாது. அதைத்தான் சொல்ல வந்தாரா? நாளைக்குப் பேரையும் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கேட்க வேண்டும்.

மே 20

ஆமாம் என்று தலையாட்டினார்.

மே 27

அமாவாசை. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மாடிப் படி ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரம் கட்டில் போட்டாச்சு, துறைமுகம் தெரியாது, ஆனால் ஐஸ் மெஷின் சத்தம் கேட்கும்.

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் கிறீச்சிடுகிறது. எஞ்சின் அதிர்வில் இவ்வளவு வருஷம் தாங்கியதே பெரிது. உள்ளதை அப்படியே ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் படி எடுத்து, டிஸ்க் இருந்த இடத்தில் அதைச் செருகினேன். ஒரு சின்ன இணைப்பு போதும், லேப்டாப்புக்கு வித்தியாசம் தெரியாது. சுற்றுகிற பாகமே இல்லை, அதிர்வு என்ன செய்துவிடும்! இன்னொரு படி வீட்டுப் பீரோவில். மதர்போர்டு பேட்டரியையும் மாற்றிவிட்டேன்.

ஜூன் 7, சனி

கருவி இல்லாமல், கடைக் கம்ப்யூட்டரிலிருந்து நானே வரிகளை அனுப்பிப் பார்த்தேன். 15 ஜூலை 2008 அனுப்பினால் 29 பிப்ரவரி 2028 வர வேண்டும். வந்தது. செவ்வாய்க்குச் செவ்வாய். கத்தியே விட்டேன், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஜூன் 8

நேற்று அந்தச் சந்தோஷத்தில் நிறுத்தியிருக்கலாம். இன்று இன்னும் முன்னே தள்ளிப் பார்த்தேன். 31 டிசம்பர் 2029 சரி. அதற்கு அடுத்த நாள் சாஃப்ட்வேர் காட்டுவது 1 ஜனவரி 1930.

வருஷம் இரண்டு இலக்கம்தானே. 29 வரை 2000ஐச் சேர்த்துக்கொள்கிறது, 30 முதல் 1900. போர்டு அனுப்புகிற 30 சரியான 30தான், வாங்குகிற பக்கம் வேறு நூற்றாண்டாகப் படிக்கிறது. இன்னும் நாலரை வருஷம்.

நாலரை வருஷத்தில் நைனா எப்படி இருப்பார்?

ஜூன் 12, வியாழன்

போட்டில் மாட்டினேன். அண்ணன் பெட்டி அடித்துக் கொடுத்தான், மேலே ரப்பர், உப்புத் தண்ணி படாது. சுவிட்சைப் போட்டதும் கருவியில் 27 அக்டோபர் 2005, லேப்டாப்பில் 12 ஜூன் 2025. அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டுத்துக்கும் நடுவுல நீ ஒக்காந்துக்கினு கீறே" என்றான்.

டிரைவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கருவித் திரையில் தெரியும் தேதியைப் பார்க்காதீர்கள், லேப்டாப்பைப் பாருங்கள். போர்டில் பச்சை விளக்கு அணைந்தால் ஒயரை நேராகச் செருகிவிடுங்கள், இடம் அப்போதும் வரும்.

ஜூன் 14, சனி

டீசல், ஐஸ், அரிசி. நடுராத்திரிக்குக் காத்திருக்கிறார்கள். நைனா என் கையைப் பிடித்து "நாப்பத்தொண்ணு" என்றார். தெளிவாக. முழு வார்த்தை. அண்ணனிடம் சொல்லிட்டேன் நைனா, அது வட்டம், சுத்தித்தான் போவான்.

ஜூன் 16, திங்கள்

லேப்டாப் கடலில் இருக்கிறது. கடையில் கிடக்கும் இன்னொரு விண்டோஸ் எக்ஸ்பி மெஷினில் தேடினேன். கன்ட்ரோல் பேனலில், தேதி அமைப்பில், இரண்டு இலக்க வருஷத்தை எந்த நூறு வருஷத்துக்குள் படிப்பது என்று ஒரு கட்டம் இருக்கிறது! 1930 முதல் 2029. மேல் எல்லையை மாற்றினால் கீழ் எல்லையும் கூடவே நகர்கிறது. நம்ம சாஃப்ட்வேர் இதைக் கேட்டு நடக்கிறதா, தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறதா என்பது போட்டு வந்தால்தான் தெரியும்.

2079 என்று வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே 1980 வரும். ஜிபிஎஸ் காலமே அங்கேதான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய பாயிண்ட் எப்படி இருக்கும்? நைனாவிடம் சொன்னேன். இடது கையால் பேப்பரை இழுத்து 7 என்றும் 74 என்றும் எழுதினார். ஏழாவது பாயிண்ட், தாத்தாவுடைய பார், மீன் கூடுகிற கடலடிப் பாறை. ராயபுரம் பக்கத்துக் கோபுரத்தையும் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கியையும் சேர்த்துப் பார்த்துத் தாத்தா கண்டுபிடித்தது, 1974. பின்னால் கருவி வந்தபோது நைனா அங்கே போய்க் குறித்து, தேதியை மட்டும் தாத்தாவுடையதாகவே போட்டிருக்கிறார். 1980 என்று கீழ் எல்லை வைத்தால் அது 2074 ஆகிவிடும்.

2069 வைக்கணும். கீழே 1970 வரும். போட்டு வந்ததும் முதல் வேலை அதுதான், மீன் இறக்கி முடிக்கிற வரைக்கும்கூடக் காத்திருக்கப் போவதில்லை.