பெரியப்பாவின் சி70-க்குப் புது பெட்ரோல் குழாய்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்குப் போகும்போதெல்லாம் பெரியப்பாவின் ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவது என் வழக்கம். தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேய்ப்பவர்) இருந்த காலத்தில் அவர் வாங்கிய மோட்டார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடு போய்த் தாமான் வீடு வந்தது, மோட்டாரை மட்டும் அவர் விடவில்லை. கொஞ்ச காலமாக அதன் பக்கத்தில் போனாலே பெட்ரோல் வாடை.

“பழைய மோட்டார்னா அப்படித்தான்டா வாடை வரும்” என்பார் பெரியப்பா. அப்படியெல்லாம் கிடையாது. எத்தனை வயதான மோட்டாராக இருந்தாலும் நிற்கும் இடத்தில் பெட்ரோல் வாடை வந்தால் எங்கோ கசிகிறது. அதிலும் இது நிற்பது சமையலறை ஜன்னலுக்குக் கீழே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தேங்கும். பெரியம்மா காலையும் மாலையும் வாசலில் ஊதுபத்தி ஏற்றுகிறவர். அந்த வாரக் கடைசியிலேயே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

சி70-இல் பம்ப் கிடையாது. டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அதைவிடத் தாழ்வாக முன்பக்கத்தில். பெட்ரோல் தன் பாட்டுக்கு இறங்கி வருகிறது. இந்தப் பழைய மாடலில் பெட்ரோலைத் திறந்து மூடும் பிடி டேங்கில் இல்லை, கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. “நான்தான் ராத்திரி பூட்டிடுறேனே, அப்புறம் எப்படிக் கசியும்?” என்று பெரியப்பா கேட்டதற்குப் பதில் இதுதான். பிடியை மூடினால் கார்புரேட்டருக்குள் போவது நிற்குமே தவிர, டேங்கிலிருந்து அதுவரை வரும் குழாய்களில் ராவும் பகலும் பெட்ரோல் நின்றுகொண்டேதான் இருக்கும்.

பெட்ரோல் சொட்டினால் உடனே குழாயைக் குறை சொல்லக் கூடாது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் ஊசி தேய்ந்திருந்தாலும் கசியும். ஆனால் அது வழிவுக் குழாய் வழியாகத் தரைக்கு வரும், பிடியை மூடினால் நின்றுவிடும். எல்லா இடத்தையும் துணியால் துடைத்து, அடியில் தமிழ் நேசன் காலத்துப் பழைய பேப்பர் ஒன்றை விரித்து (பெரியப்பா எதையும் வீசமாட்டார்), பிடியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பேப்பரில் ஈரம். வழிவுக் குழாய் காய்ந்து கிடந்தது. குழாய்தான் என்று உறுதியானது.

முன்பக்கத்து வெள்ளை பிளாஸ்டிக் கவரைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும், பிளாஸ்டிக் பல வருட வெயிலில் மொறுமொறுப்பாகியிருக்கும். துரு எடுக்கும் ஸ்ப்ரேயை முந்தின நாள் இரவே அடித்து வைப்பது நல்லது. கவர் வந்ததும் விஷயம் தெரிந்தது. யாரோ ஒரு கைக்காரர் மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டியிருந்தார். மஞ்சளாகி, மடக்கினால் காய்ந்த முருங்கைக்காய் போல முறிந்தது. அந்த பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைக்கும் பொருளைப் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துவிடும். அதற்குமேல் டியூப் சுருங்கி இறுகி, வாய்ப்பக்கம் தளர்ந்துவிடும். எஞ்சின் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கடைத்தெருவில் பழைய துண்டைக் காட்டியதும் கடைக்காரத் தவுக்கே கேட்ட முதல் கேள்வி, “உள்ளளவு என்ன?” என்பதுதான். வெளியளவைப் பார்த்து வாங்கினால் குழாய் மாட்டும் வாயில் உட்காராது. கறுப்பு நைட்ரைல் ரப்பர் டியூப் ஒரு மீட்டரும் கம்பிக் கிளிப்புகளும் எடுத்துக்கொண்டேன், சில வெள்ளிதான் ஆனது. பக்கத்திலேயே அழகான சிலிக்கான் டியூபும் தொங்கியது. அதைத் தொட வேண்டாம், பெட்ரோலில் உப்பிவிடும்.

ரப்பர் ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொஞ்சம் தள்ளியிருக்கும் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்றும் நிற்கிறது. பெரியப்பா பாதி ஆயுளைப் பால் மரத்தடியில் கழித்தவர். ஆனால் நம் மரத்து ரப்பரும் பெட்ரோலில் ஊறி ஊதிப்போகும். பெட்ரோல் ஓடும் இடத்துக்கு ஆலையில் செய்த செயற்கை ரப்பர்தான். இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் இல்லாமல் வெளியே காற்றோட்டமான இடத்தில் டேங்கைக் காலி செய்தேன். பெட்ரோல் பிடிப்பதற்கென்று இருக்கும் கேனில்தான் பிடித்தேன். குடிதண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் மோசம். பழைய குழாயை இழுத்துப் பிடுங்கக் கூடாது. டேங்க் அடியில் இருக்கும் வாய் மெல்லிய இரும்பு, முறுக்கினால் பற்றவைத்த இடத்தில் விட்டுவிடும். பிறகு டேங்கையே கழற்ற வேண்டியதுதான். கத்தியால் குழாயை நீளவாக்கில் மேலோட்டமாகக் கீறினால் தானாகப் பிரியும். கத்தி இரும்பில் படக் கூடாது.

இப்போது முக்கியமான இடம். இந்த மோட்டாரில் குழாய் ஒன்றல்ல, இரண்டு. டேங்குக்குள் ஒரு வாய் உயரமாக நிற்கும், இன்னொன்று அடிமட்டத்தில் இருக்கும். உயரமானது சாதாரண ஓட்டத்துக்கு, தாழ்ந்தது ரிசர்வுக்கு. இரண்டையும் மாற்றி மாட்டினால் மோட்டார் ஓடத்தான் செய்யும், தப்பு வெளியே தெரியாது. ஒருநாள் பாதி வழியில் எண்ணெய் தீர்ந்து ரிசர்வுக்குத் திருப்பும்போதுதான் அங்கே ஒரு சொட்டும் இருக்காது. கழற்றும் முன்பே ஒன்றில் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டேன். அடையாளம் போய்விட்டதென்றால் டேங்கில் கொஞ்சமே கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாம், அது வருகிற வாய்தான் ரிசர்வ்.

புதுக் குழாயின் நுனியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து மாட்டினால் சிரமமில்லாமல் ஏறும். நீளத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன், ஆனால் நடுவில் மேல்நோக்கி வளைவு வராமல். தானாக இறங்கும் பெட்ரோல் அந்த வளைவில் காற்று அடைத்து நின்றுவிடும். மடிப்பு விழக் கூடாது, எஞ்சினில் உரசவும் கூடாது. திருகு வைத்த கிளிப் இவ்வளவு சின்னக் குழாயை அறுத்துவிடும், கம்பிக் கிளிப் போதும்.

அத்தோடு பிடிக்கு அடியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தையும் கழற்றினேன். உள்ளே துருவும் சேறும். வலையைப் பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றினேன். நடுவில் ஒரு ஃபில்டர் போட்டால் என்ன என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான். அந்தக் கிண்ணத்து வலையே ஃபில்டர்தான். பம்ப் இல்லாத வண்டியில் இன்னொன்றைச் செருகினால் ஓட்டம் குறையத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒரு லிட்டர் ஊற்றி, கவரை மாட்டாமலே பிடியைத் திறந்து, மூடி, ரிசர்வில் வைத்து, ஒவ்வொரு தடவையும் பேப்பரைப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. செம்பனைத் தோட்டப் பாதையில் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிவிட்டு வந்து, கிளிப்புகளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கவரை ஏற்றினேன். மீந்த குழாயைச் சுருட்டிப் பெரியப்பாவின் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்தது டேங்க் மூடியின் ரப்பர். அதுவும் இறுகிப்போய்த்தான் இருக்கிறது, ஆனால் அந்த அளவு இங்கே கிடைக்கவில்லை. ஈப்போவில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார் தவுக்கே.