லயத்துக் காம்பராவில் 14 நாள்

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வீட்டிலேயே 14 நாள் தனியாக இருக்க வேண்டும். 2020 நவம்பரில், கொரோனாக் காலத்தில், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எல்லாம் இதுதான் பேச்சு. எங்கள் வீடு மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில், 12 காம்பரா (அறை) வரிசையாகக் கொண்ட பழைய லயம். 10 அடிக்கு 12 அடி காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் ஒட்டி இறக்கிய குசினி (சமையலறை). அதற்குள் அம்மா, அப்பாயி, தங்கச்சி மூன்று பேர். இதில் நான் எங்கே தனியாக இருப்பது?

நான் வேலை செய்தது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில். அக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் நோய் கண்டது, பிறகு பேலியகொடை மீன் சந்தை. அதற்குப் பிறகு புறக்கோட்டை அடங்கிப்போனது. அக்டோபர் 29 நள்ளிரவிலிருந்து மேல் மாகாணம் முழுவதும் ஊரடங்கு. வெள்ளவத்தையில் போர்டிங் அறையில் நான்கு பேர் பிஸ்கட்டும் பருப்புமாக அந்த நாட்களைத் தள்ளினோம். நவம்பர் 9 காலை ஐந்து மணிக்குத் தளர்த்துகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான். 14ஆம் தேதி தீபாவளி.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு காரியம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. ஊருக்கு வான் வண்டியில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அம்மாவுக்கு போன் பண்ணி, வருகிறேன் என்று தோட்டத்து ஆபீசிலும் கிராம சேவகரிடமும் சொல்லச் சொன்னேன். நான் வந்து எல்லோரோடும் ஒரே காம்பராவில் தங்கினால், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் 14 நாள் அடைந்து கிடக்க வேண்டும் என்று பதில் வந்தது. அம்மா கொழுந்தெடுக்கிறவர். அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 1,000 ரூபாய் கேட்டுப் பல வருடமாகப் போராடியும் அது வர்த்தமானியில் வந்தது 2021 மார்ச்சில்தான். இரண்டு வாரத்தில் 12 நாள் பேர் விழாமல், அதாவது வேலை பதியாமல், போனால் 8,400 ரூபாய் போய்விடும். எனக்கும் அந்த மாதம் சம்பளம் இல்லை.

அம்மா யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அன்று சாயங்காலமே அப்பாயியையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நாலு காம்பரா தள்ளி இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஏற்கனவே ஐந்து பேர். இப்போது எட்டு. எனக்காக ஒரு அடுப்பு, அரிசி, மாவு, மண்ணெண்ணெய் விளக்கு, இரண்டு வாளி எல்லாம் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

நவம்பர் 9 இரவு கினிகத்தேனை, நோர்வூட் வழியாக வந்து இறங்கினேன். நாங்கள் வந்து இரண்டு நாளில், 11ஆம் தேதி இரவு, மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியேறக் கூடாது என்று மறித்துவிட்டார்கள். என்னோடு போர்டிங்கில் இருந்த ஹப்புத்தளைத் தம்பி அப்படித்தான் மாட்டிக்கொண்டான்.

நான் வந்த மறுநாள், 10ஆம் தேதி, பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்தார். பெயர், அடையாள அட்டை எண், கொழும்பில் எங்கே தங்கினேன், யாரோடு வந்தேன், வானின் இலக்கம் எல்லாம் எழுதிக்கொண்டு கதவில் ஒரு தாளை ஒட்டினார். வந்த நாளைக் கணக்கில் சேர்க்க மாட்டோம், 10 முதல் 23 வரை, 24 காலை நீ வெளியே வரலாம் என்றார். வானில் வந்தவர்களின் போன் நம்பர்களை நான் முன்பே எழுதி வைத்திருந்தது அப்போது உதவியது. இந்தக் கணக்கை முதல் நாளே கேட்டுத் தெளிவாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாள் குழப்பத்தில், தனிமை முடிந்ததென்று தரும் கடிதம் தள்ளிப்போய்விட்டது.

அறைக்குள் இருப்பது கஷ்டமில்லை. கஷ்டம் கக்கூசும் தண்ணியும். கக்கூஸ் லயத்துக் கோடியில், நான்கு குடும்பத்துக்கு ஒன்று. தண்ணி பீலியில், எல்லோரும் பிடிக்கிற குழாயில். தங்கச்சியும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் பேசி ஒரு முறை வைத்தார்கள். பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகிறவர்கள் போன பிறகு, காலை எட்டு மணிக்குத்தான் என் முறை. போகும்போது பிளீச்சிங் பவுடர் கலந்த வாளி கையில் இருக்க வேண்டும், ஊற்றிக் கழுவிவிட்டு வர வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மணிநேரம் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பீலிக்கு நான் போகவே இல்லை. சித்தப்பா மகன் இரண்டு வாளி நிறைத்து இஸ்தோப்பு விளிம்பில் வைத்துவிட்டு, "அண்ணே, தண்ணி!" என்று கத்திவிட்டு ஓடிவிடுவான். ஒரு அதிகாரியும் சொல்லித்தராத இந்த ஏற்பாட்டை ஒரு நாளும் யாரும் மீறவில்லை.

பழைய லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரு முழ இடைவெளி, அதற்கு மேல் தகரம். மூன்றாவது இரவு அடுப்புப் புகை அடைத்து நான் நாலு தடவை இருமியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பெரியம்மாவின் குரல் மட்டும், "தம்பி, காய்ச்சல் ஏதும் இருக்கா?" "இல்ல பெரியம்மா, பொகைதான்." அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பயப்பட எல்லா நியாயமும் இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு செம்பு, அதன்மேல் மூடிய தட்டு. இஞ்சி தட்டிப்போட்ட கொத்தமல்லித் தண்ணி. இன்னும் சுட்டது. 23ஆம் தேதி வரை ஒரு நாள் தவறாமல் அந்தச் செம்பு வந்தது.

பகலில் தங்கச்சி போனைத் தூக்கிக்கொண்டு மலை உச்சித் தண்ணித் தாங்கிக்குப் போய்விடுவாள். அங்கேதான் சிக்னல். வழக்கமாக டிசம்பரில் நடக்கும் சாதாரண தரப் பரீட்சை (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. மழையில் குடைக்குள் உட்கார்ந்து ஆசிரியர் அனுப்பிய பாடத்தை எழுதியெடுத்து வருவாள். அந்த வருடம் தோட்டத்துப் பிள்ளைகள் இழந்த படிப்பை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

தீபாவளி அன்று அம்மா ஒரு வாளி வெந்நீரும் நல்லெண்ணெயும் வைத்துவிட்டுப் போனார். குளித்துவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரத்தில், வாசல் முற்றத்தில், அப்பாயி பலகை போட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு 84 வயது. அன்று அவர் பேசியது முழுக்க மண்டபம் முகாமைப் பற்றி.

அப்பாயியின் அம்மா சிறுமியாக இருந்தபோது திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். இராமநாதபுரக் கரையில் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் வைத்திருந்தது. தோட்டத்துக்கு வரும் சனங்களை அங்கே சில நாட்கள் நிறுத்தி, உடுப்பையெல்லாம் வாங்கி நீராவியில் போட்டு, அம்மை ஊசி குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பலேற்றித் தலைமன்னாருக்கு அனுப்புவார்கள். "எங்கம்மா சொல்லும், சேலைய வாங்கிட்டுப் போயிட்டாங்க, திரும்பி வர்ற வரைக்கும் கூனிக்கிட்டு ஒக்காந்திருந்தோம்னு. ஒனக்காவது சொந்த வீடு, ராசா." அதற்கும் முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் முகாமும் இல்லை, மன்னார்ப் பக்கம் ரயிலும் இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். நோயைக் கொண்டுவருகிறவர்கள் என்ற பெயர் எங்கள் சனத்தின் மேல் அப்போதே விழுந்தது. கொழும்பிலிருந்து வந்த என்னைப் பார்த்து ரோட்டில் ஆட்கள் ஒதுங்கியபோது எனக்கு வலித்தது. அப்பாயிக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அந்த மண்டபம் முகாமில் இன்றைக்கும் இலங்கையிலிருந்து போன அகதிகள் இருக்கிறார்கள்.

தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு 10,000 ரூபாய் பெறுமதியான உலர் உணவுப் பொதி என்றார்கள். எங்கள் பெயர் பட்டியலில் ஏறவில்லை. அப்பாவின் பெயரில் இருந்த பழைய குடும்ப விபரம் மாற்றப்படாததுதான் காரணம் என்று 20ஆம் தேதிதான் தெரிந்தது. போனிலேயே மூன்று பேரைப் பிடித்துத் திருத்தினோம். பொதி வரவில்லை, ஆனால் விபரம் சரியானது.

24 காலை பிஎச்ஐ ஐயா கடிதத்தோடு வந்தார். திரும்ப வேலைக்கு எடுக்கக் கொழும்புக் கடைகள் அதைக் கேட்கும் என்பதால், பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு போட்டோ கொப்பி எடுக்கச் சொன்னார்.

நான் முதலில் போனது பீலிக்கு. தலையை அப்படியே தண்ணிக்குக் கீழே கொடுத்து நின்றேன். பிறகு சித்தப்பா வீட்டுக்குப் போய் அப்பாயியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் இருந்து, 2003இல் வந்த சட்டத்தால் இலங்கைக் குடியுரிமை கிடைத்தவர் அவர். வாசிக்கத் தெரியாது. தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எந்த ஊருன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார்.

தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்து இலக்கம், காம்பரா இலக்கம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"சரி. கொப்பிய நீ கொண்டு போ. இது என் பெட்டியில இருக்கட்டும்."