மேரிலாந்தில் எங்கள் பண்பாட்டு மையத்துக்கு மாநில நிதி வாங்கிய அனுபவம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், ஹோவர்ட் கவுண்டியில் எங்களுக்கு ஒரு சிறிய பண்பாட்டு மையம் இருக்கிறது. சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளியும் பரதநாட்டிய வகுப்பும், புதன்கிழமை பெரியவர்கள் கூடல். எத்தியோப்பியக் குடும்பங்கள் செப்டம்பரில் வரும் தங்கள் புத்தாண்டை இங்கேதான் கொண்டாடுவார்கள். நான் அங்கே ஐந்து வருடம் பொருளாளராக இருந்தேன். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், அதற்கேற்ற கழிப்பறை, புது ஏசி, மேடை எல்லாம் சேர்த்து 3 லட்சம் டாலர் வேலை. அதில் பாதியை 2016-ல் மாநிலத்திடமிருந்து வாங்கினோம். வேறு ஊர்ச் சங்கங்களிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். நான் சொல்வது 2016-ன் விதி. இந்த நிதியை மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டமாக நிறைவேற்றித்தான் தருகிறது; உங்கள் வருடத்துச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி கட்டட வேலைகளுக்கு மாநிலம் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுகிறது. அந்தக் கடனை 15 வருடத்துக்குள் அடைக்க வேண்டும் என்பது மாநில அரசியல் சட்டம். அடைக்கும் பணத்தில் பெரும் பங்கு நம் வீட்டு வரியிலிருந்து போகிறது. வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு 11.2 சென்ட் மாநிலத்தின் பங்கு. என் வீட்டுக்கு 4,50,000 டாலர் மதிப்பு போட்டிருந்தார்கள்; அப்படியென்றால் வருடம் 504 டாலர். மையத்துக்கு ஒருநாளும் வராதவர்களும் இதே வரியைக் கட்டுகிறார்கள். இது மனதில் பதிந்த பிறகுதான் நிதி கேட்கும் படிவத்தில் இருந்த ஒவ்வொரு கேள்வியும் ஏன் கேட்கப்படுகிறது என்று எனக்குப் புரிந்தது.

மாநிலச் சட்டமன்றம் ஜனவரி இரண்டாவது புதன்கிழமை கூடி 90 நாள்தான் நடக்கும். அதற்கு முன்பே உங்கள் பகுதியின் மாநில செனட்டரையும் (மேலவை உறுப்பினர்) டெலிகேட்டையும் (கீழவை உறுப்பினர்) பார்த்துப் பேசியிருக்க வேண்டும். நாங்கள் அக்டோபரிலேயே போனோம். வருடம் எத்தனை பேர் வருகிறார்கள், கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, மீதிப் பணம் எங்கிருந்து வரும், வேலை எப்போது முடியும் என்று படிவம் கேட்கும். வருகைப் பதிவேடு இருந்ததால் பிழைத்தோம். தமிழ்ப் பள்ளி நடத்தும் அக்கா ஒவ்வொரு வாரமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்.

மார்ச்சில் மாநிலத் தலைநகர் அன்னாபொலிஸில் எங்கள் கோரிக்கை பற்றிச் சட்டமன்றக் குழுவின் விசாரணை. ஒவ்வோர் அமைப்புக்கும் இரண்டு மூன்று நிமிடம்தான். எங்கள் முறை வந்ததும் குழு உறுப்பினர் ஒருவர் நாங்கள் கொடுத்த காகிதக் கட்டைப் புரட்டி, ஒரு படத்தில் விரல் வைத்தார். அது நவராத்திரி கொலு. ஏழு படி, மேல்படியில் பிள்ளையார், கீழே செட்டியார் கடை பொம்மை, பக்கத்தில் பாவாடை கட்டிய குழந்தைகள். "இது வழிபாட்டு இடமா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அக்காதான் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். கொலு என்பது பொம்மை அடுக்கும் கலை, வருடத்தில் பத்து நாள் வைக்கிறோம், பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம், அதே கூடத்தில்தான் பிப்ரவரியில் எல்லோருக்கும் இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம் என்று நிதானமாகச் சொன்னார். கேட்ட உறுப்பினர் தலையசைத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

ஆனாலும் சட்டத்தில் எங்கள் பெயருக்குக் கீழே ஒரு வரி வந்தது: இந்தப் பணத்தைச் சமய வழிபாட்டுக்கோ போதனைக்கோ பயன்படுத்தக்கூடாது. மாதம் ஒருநாள் மையத்தில் பஜனை நடந்துகொண்டிருந்தது. அதை வீடுகளுக்கு மாற்றினோம். சிலருக்கு மனம் கசந்தது. இரண்டு குடும்பங்கள் கொஞ்ச நாள் வரவில்லை. எனக்கும் வருத்தம்தான். ஆனால் பக்கத்து வீட்டு வரியில் கட்டும் கூடத்துக்கு அந்தக் கட்டுப்பாடு நியாயமானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியதும் கேசரி கிண்டிக் கொண்டாடினோம். அப்போது, அரசுக் கணக்குத் துறையில் ஓய்வுபெற்ற எங்கள் பெரியவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, இதை மொய் மாதிரி நினைக்காதீங்க. மொய் பந்தியில கை கழுவறதுக்குள்ள வந்துரும். இது நாம செலவு பண்ணி, கணக்குக் காட்டினப்புறம்தான் வரும்" என்றார். அவர் சொன்னதுதான் நடந்தது.

பெரிய சிக்கல் ஈட்டுத் தொகை. மாநிலம் 1,50,000 கொடுத்தால் நாங்களும் அதே அளவு போட வேண்டியிருந்தது. எங்கள் சட்டத்தில் நிலத்தின் மதிப்பு சேராது, தன்னார்வலர் உழைப்பு சேராது, சட்டம் நடைமுறைக்கு வருமுன் செலவழித்ததும் சேராது என்று இருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது ஜூன் 1. நாங்கள் மழைக்குப் பயந்து மே மாதமே 40,000 டாலருக்குக் கூரை போட்டுவிட்டோம். மூன்று வாரம் பொறுத்திருந்தால் அது கணக்கில் ஏறியிருக்கும். இதைப் படிக்கும் பொருளாளர்கள் வேறு எதை மறந்தாலும் இந்தத் தேதியை மறக்க வேண்டாம்.

ஈட்டுத் தொகைக்கு ஆதாரம் காட்ட 2018 ஜூன் 1 வரை அவகாசம். பொங்கல் விழாவில் உணவுக்கடை, குழந்தைகளின் சலங்கை பூஜையில் உண்டியல், நிறுவனங்கள் ஊழியர் நன்கொடைக்கு இணையாகத் தரும் பணம் என்று சேர்த்தோம். புதன்கிழமை வரும் பாட்டி ஒருவர் மாதம் தவறாமல் மஞ்சள் தடவிய உறையில் 51 டாலர் கொடுப்பார். கைத்தடியோடு வருபவர், சாய்தளம் யாருக்கென்று அவருக்குத் தெரியும். ரசீது கொடுத்தால் வாங்கி, மடித்து, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு, மாநிலச் செலவுகளுக்கு ஒப்புதல் தரும் பப்ளிக் வொர்க்ஸ் போர்டின் ஒப்புதல். கவர்னர், கம்ப்ட்ரோலர் (மாநிலத்தின் வரி, கணக்கு அதிகாரி), ட்ரெஷரர் (மாநிலப் பொருளாளர்) என மூன்றே பேர். இங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதல்வர் மாதிரி. நிகழ்ச்சி நிரலில் நாங்கள் ஓர் எண்; படித்து முடிக்கக்கூட நேரமில்லை, ஒப்புதல் ஆகிவிட்டது. பழைய கட்டடம் என்பதால் பழமையான கட்டடங்களைப் பாதுகாக்கும் மாநில அமைப்பான மேரிலாந்து ஹிஸ்டாரிக்கல் டிரஸ்டும் ஒருமுறை வரைபடத்தைப் பார்த்தது. அதில் தொல்லை ஒன்றும் இல்லை.

வேலை தொடங்கியதும்தான் நெருக்கடி. ஒப்பந்தக்காரர் மாதாமாதம் பில் வைப்பார். நாங்கள் பணம் கொடுத்து, பில்லும் காசோலை நகலும் மாநிலத்துக்கு அனுப்பி, அது திரும்பி வர வாரக் கணக்கில் ஆகும். ஒருமுறை பில்லில் மையத்தின் பெயர் ஓர் எழுத்து மாறி அச்சாகி, எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினோம். வங்கி எங்களுக்குக் கடன் தரத் தயங்கியது. கடைசியில் மூன்று குடும்பங்கள் வட்டியில்லாமல் ஆளுக்கு 25,000 கொடுத்தார்கள். எழுதி, கையெழுத்துப் போட்டு, செயற்குழுத் தீர்மானத்தோடு வாங்கினோம். நண்பர்களிடம் வாங்கினாலும் அப்படித்தான் வாங்க வேண்டும்.

கடைசித் தவணை 2018 நவம்பரில் வந்தது. அந்த வாரமே மூன்று வீட்டுக்கும் நானே போய்க் காசோலையைக் கொடுத்தேன்.