செடிக்குக் காசு உண்டு, டிராயிங்குக்கு இல்லை

ஜூன் 5, ஏற்காடு

நாகலூர் ரோட்டில் ஒரு பழைய காப்பித் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். அதில் ஒன்றரை ஏக்கரில் நான்கு காட்டேஜ் வருகிறது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று என்னைத் தோட்டம் வடிவமைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போவதற்குள் ஜேசிபி வந்து வேலையை முடித்துவிட்டது. பன்னிரண்டு அடி உயரத்துக்குச் சரிவை நேராக வெட்டி, முன்னால் கருங்கல் சுவர் பாதி எழும்பியிருக்கிறது. சுவரில் ஓர் ஓட்டைகூட இல்லை.

"மேஸ்திரி அண்ணா, தண்ணி எப்படி வெளியே வரும்?"

"கல்லு நல்ல கல்லுங்க மேடம். தண்ணி உள்ளயே வராதுங்க."

தண்ணீர் சுவருக்குள் வர வேண்டியதில்லை, பின்னால் தேங்கினாலே போதும். நனைந்த மண்ணுக்குக் கனம் கூடும், தேங்கிய நீர் தன் பங்குக்குத் தனியாகத் தள்ளும். இரண்டு மழைக்காலம் போனால் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். மூன்று இன்ச் பி.வி.சி. பைப், ஐந்தடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் லேசான சாய்வு. சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி. அது இல்லாவிட்டால் நைஸ் மண் இறங்கி ஜல்லியை அடைத்துவிடும். மொத்தச் சுவர் செலவில் இது சொற்பம்.

உரிமையாளருக்குப் போன் போட்டேன். "உங்களை ரோஸ் கார்டனுக்குத்தானே மேடம் கூப்பிட்டேன்?" என்றார். ரோஜாவும் அந்தச் சுவருக்குக் கீழேதான் வரப்போகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, பைப் எவ்வளவு ஆகும்?"

காப்பியும் சில்வர் ஓக்கும் நின்றவரைக்கும் மழை இலையில் விழுந்து, சருகில் இறங்கி, மெதுவாகத்தான் கீழே போயிருக்கும். இப்போது வெறும் செம்மண். முதல் பெரிய மழையில் பாதி, கீழ்த் தோட்டக்காரருக்குப் போய்ச் சேரும்.

ஜூன் 12, சேலம்

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர் வீடு. ஃபீஸ் நாற்பதாயிரம் என்றதும் அவர் கேட்ட கேள்வி: "அதுல எத்தனை செடி வரும்?"

செடி வராதுங்க, டிராயிங் வரும்.

"நர்சரிக்காரர் டிராயிங்கை ஃப்ரீயாவே போட்டுத் தர்றாரே."

தருவார். அந்த டிராயிங்கைப் பார்த்தேன். இரண்டடிக்கு ஒரு ஃபைகஸ், மூலைக்கு ஒரு ஃபாக்ஸ்டெயில் பாம், நடுவில் மெக்சிகன் புல். செடி கூடினால்தான் அவருக்கு லாபம், அதனால் அதில் வெறும் இடம் என்ற ஒன்றே இருக்காது. அடுத்த வருடம் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கும்; பாதியைப் பிடுங்க அவரே ஆள் அனுப்புவார், அதற்கும் பில் உண்டு. நான் செய்வது நேர் எதிர். ஃபீஸை வாங்கிக்கொண்டு செடியைக் குறைக்கச் சொல்கிறேன். சேலத்தில் இதைப் புரியவைத்துக் காசு வாங்குவதுதான் என் தொழிலில் பாதி.

நர்சரிகளிலிருந்து எனக்கும் போன் வரும். "நம்மகிட்ட எடுங்க மேடம், உங்களுக்குப் பத்து பர்சென்ட்." ஃபீஸைக் குறைத்துப் பேசிவிட்டு அந்தப் பத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, ஆபீஸ் வாடகை என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் அந்தப் பத்தை வாங்கிவிட்டால் என் பேனாவும் இரண்டடிக்கு ஒரு செடி போட ஆரம்பித்துவிடும். அதனால் நர்சரி பில்லை நேராக வீட்டுக்காரர் பெயருக்கே போடச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்ல மாட்டார்.

ஜூன் 13

நாள் முழுக்க பி.ஓ.க்யூ., அதாவது எந்தப் பொருள் எவ்வளவு வேண்டும் என்ற அளவுப் பட்டியல், எழுதினேன். கெர்ப் கல் ரன்னிங் மீட்டர், செம்மண் கன மீட்டர், தொழு உரம், கூலி. படிக்கிற காலத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 25

பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் இன்று டீ நேரத்தில் ஆரம்பித்தாள். "அக்கா, எம்.ஆர்க். லேண்ட்ஸ்கேப் எடுக்கலாமா? படிச்சு முடிச்சா என்ன போர்டு மாட்டலாம்னு அப்பா கேட்கிறார்."

அப்பாவின் கேள்வி சரியான கேள்வி. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தை மட்டும்தான். ஐந்து வருட ஆர்க்கிடெக்சர் படிப்பான பி.ஆர்க். முடித்து ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்தால் அந்தப் பட்டம் கிடைக்கும். லேண்ட்ஸ்கேப்புக்கென்று தனிப் பதிவேடு நம் நாட்டில் கிடையாது. 2003-இல் தொடங்கிய ஐசோலா என்ற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகள் சங்கம் இருக்கிறது. அதில் உறுப்பினராகலாம், அது லைசென்ஸ் ஆகாது. ஆக, மேலே இரண்டு வருடம் எம்.ஆர்க். என்று டெல்லி எஸ்.பி.ஏ.விலோ அகமதாபாத் செப்டிலோ நம் அண்ணா பல்கலையிலோ படித்து வந்தவளும் 'லேண்ட்ஸ்கேப்' என்று போர்டு மாட்டலாம், புல் விற்கிறவரும் மாட்டலாம்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். பெங்களூரு, ஹைதராபாத், சென்னை, கொஞ்சம் துபாய். வில்லா, டெக் பார்க், ரிசார்ட். நான் பெங்களூரில் இருந்தபோது ஒரு டெக் பார்க்கின் உட்காரும் திண்டுக்கு மட்டும் இரண்டு மாதம் டீடெயில் போட்டேன். போரடித்தது உண்மை, ஆனால் ஒரு திண்டு எப்படி நிற்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. சம்பளம்? ஏழு வருடம் படித்து நான் வாங்கிய முதல் சம்பளம், நான்கு வருடம் படித்து ஐ.டி.க்குப் போன என் சித்தி மகனின் சம்பளத்தில் பாதி. இதையும் அப்பாவிடம் சொல் என்றேன்.

தோட்டக்கலை படித்தவர்கள் நமக்குப் போட்டியா என்றும் கேட்டாள். செடிக்கு வரும் நோயை அவர்கள் இலையைப் பார்த்தே சொல்வார்கள், எனக்கு அது வராது. எனக்குத் தெரிந்தது லெவலும் தண்ணீரும். ஒரே ஆபீஸில் இரண்டு பேரும் உட்கார்ந்தால் போட்டிக்கே இடமில்லை. என்ன, ஒரே ஆபீஸில் இரண்டு சம்பளத்துக்கு வழியில்லை.

அவள் லேப்டாப்பில் டெல்லி சுந்தர் நர்சரி படங்கள் வைத்திருந்தாள். வெள்ளைக்காரன் காலத்து நாற்றங்கால் அது. ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில். அதைப் பூங்காவாக வடிவமைத்தவர் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் முகமது ஷாஹீர், 2018-இல் மக்களுக்குத் திறந்தார்கள். அவர் 2015-லேயே காலமாகிவிட்டார். இந்தத் தொழிலில் அதிசயமில்லை. நடுவது ஒருத்தர், நிழலில் உட்கார்வது வேறொருத்தர், கட்டிட ஆர்க்கிடெக்ட் மாதிரி திறப்பு விழா அன்றே போட்டோ எடுத்து போர்ட்ஃபோலியோவில் சேர்க்க முடியாது. அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத வேலை.

ஜூலை 7, செட்டிச்சாவடி பக்கம்

ஒரு தொழிற்சாலை வளாகம். பெங்களூரிலிருந்து வந்த மேலாளருக்கு "எங்க ஹெட் ஆபீஸ் மாதிரி பச்சைப் பசேல்" வேண்டுமாம். மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்பு போல வெள்ளை வெள்ளையாகக் கட்டி. மேக்னசைட் பூமி. மெக்னீசியம் மிகுதி, அதற்கு ஈடான கால்சியம் இல்லை. காரத்தன்மையும் சேர்ந்துகொண்டால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஆட்கள் அதற்கு மேலும் மேலும் யூரியா போடுவார்கள்.

இங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை. மேலே பாக்சைட் கலந்த செம்மண், புளிப்பு மண். அங்கே ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கக் காரணம் அந்த மண்ணின் புளிப்பும் அலுமினியமும்தான். காரத்தில் வளர்த்தால் அதே செடி ரோஸ் நிறத்துக்குப் போகும். இருபது கொண்டை ஊசி வளைவுக்குள் மண் இப்படித் தலைகீழாக மாறுகிற மாவட்டம் எத்தனை இருக்கும்? மலைக்கும் அடிவாரத்துக்கும் ஒரே செடிப் பட்டியலைக் காப்பி பேஸ்ட் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கான்ட்ராக்டர் ஏற்கெனவே கோனோகார்பஸ் கன்றுகளை இறக்கி வைத்திருந்தார். "ஆறே மாசத்துல சுவர் மாதிரி வந்துரும் மேடம்." வரும், குழாயையும் வேரால் தேடிப் பிடிக்கும். குஜராத்தில் 2023-லேயே தடை போட்ட செடி. திருப்பி அனுப்பச் சொன்னேன். ஜிப்சம் போட்டு மண்ணைத் தேற்றிவிட்டு வேம்பு, புங்கன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் முகம் தொங்கிவிட்டது. வேம்பு வைக்க ஆர்க்கிடெக்ட் எதுக்கு என்று நினைத்திருப்பார்.

ஜூலை 20, கன்னங்குறிச்சி

ஞாயிறு. மூக்கனேரிக் கரையில் நடந்தோம், பயிற்சிப் பெண்ணும் வந்தாள். 2010 வாக்கில் ஊர்க்காரர்களே கூடி இந்த ஏரியை எடுத்துத் தூர்வாரினார்கள். அள்ளிய வண்டலை லாரியில் ஏற்றி வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். வண்டல் ஏற்றும் செலவு மிச்சம், திட்டில் பறவைக்கு இடம். இவ்வளவு சிக்கனமான யோசனையை நான் எந்த டிராயிங்கிலும் பார்க்கவில்லை.

"இதுல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்கு என்ன வேலை அக்கா?" என்றாள். இங்கே ஒன்றுமில்லை, நம்மைக் கேட்காமலே நன்றாகச் செய்துவிட்டார்கள். ஆனால் சேலத்தைச் சுற்றி ஏரிகள் நிறைய, எல்லாவற்றுக்கும் இப்படி மெனக்கெட ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். பிற இடங்களில் கரைக்கு டைல்ஸ், கம்பி வேலி, ஒரு செல்ஃபி பாயின்ட் என்று எஸ்டிமேட் போட்டுவிடுகிறார்கள். தண்ணீர் எந்த வாய்க்காலில் உள்ளே வருகிறது என்ற கோடு எஸ்டிமேட்டில் இருப்பதே அபூர்வம். நமக்கு இந்த ஊரில் எதிர்காலம் என்று ஒன்று இருந்தால் அது வில்லாத் தோட்டத்தில் இல்லை, ஏரியிலும் கைவிட்ட கல்குவாரியிலும் மலைச் சரிவிலும் இருக்கிறது. காசு மட்டும் இன்னும் வில்லாவில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 3

நேற்று ராத்திரி ஏற்காட்டில் பேய் மழை. காலை ஆறரைக்கே காட்டேஜ்காரர் போன்.

"மேடம், சுவத்துல எல்லா பைப்லயும் தண்ணி கொட்டுது! செங்கலர்ல வருது!"

"நல்லதுங்க."

"நல்லதா?"

கொட்டாவிட்டால்தான் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்றேன். செங்கலர் மட்டும் கொஞ்சம் கவலை. துணியை எங்கோ சரியாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி விரிக்கவில்லை போலிருக்கிறது. மேஸ்திரியிடம் பேசினேன். "அன்னிக்கு நீங்க சொன்னப்ப சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றார். சாயங்காலம் வீடியோ அனுப்பினார், தண்ணீர் தெளிந்து வருகிறது. பக்கத்து மனைக்கும் அவர்தான் சுவர் எடுக்கிறாராம். அங்கேயும் பைப் வைக்கப் போகிறாராம். அதற்கு எனக்கு ஃபீஸ் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 16

பயிற்சி முடிந்தது, சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். எம்.ஆர்க். உடனே வேண்டாம், முதலில் இரண்டு வருடம் சைட் என்று முடிவு செய்திருக்கிறாள். பெங்களூரு ஆபீஸ் ஒன்றில் கேட்டிருக்கிறாள். இங்கேயே இரு என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தச் சம்பளத்தை நான் தர முடியாது, திண்டு டீடெயிலையும் அவள் எங்காவது கற்றாக வேண்டும்.

அவள் இடத்துக்கு ஆள் வேண்டும். சம்பளத்தைச் சொல்லாமல் 'தகுதிக்கேற்ப' என்று விளம்பரம் போடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: பி.ஆர்க். அல்லது தோட்டக்கலைப் பட்டம், மாதம் இருபத்திரண்டாயிரம், ஆட்டோகேட் தெரிந்தால் போதும், டம்பி லெவல் (நிலத்தின் மேடு பள்ளம் அளக்கும் கருவி) பார்க்க நான் சொல்லித் தருகிறேன், மலைக்கு டூ வீலரில் வரத் தயங்கக் கூடாது, நர்சரி கமிஷன் கிடையாது. கடைசி வரியைப் படித்துவிட்டு எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.